மிதிவண்டி சென்ற சாலை – ஒரு மறுபார்வை

ஒருவர் முன்னர்ச் சென்ற வழியை மற்றொருவர் பின்னர்த் தேடிச் சென்று, அவர் கண்டதையும் தாம் கண்டதையும் ஒப்பிட்டு எழுதுவது பயண இலக்கியத்தில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. தமிழர்க்கு இது முற்றிலும் புதியதன்று. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள் இதற்கு நெருங்கிய ஒன்றையே செய்தன. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனுக்குத் தான் சென்ற வழியை எடுத்துரைக்கிறான். அவன் தொலைவை மட்டும் சொல்வதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரும் எயினரும் ஆயரும் உழவரும் வலைஞரும் வழிநெடுக வாழ்கின்றனர். அவரவர் குடியிருப்பு எத்தகையது, வந்தவர்க்கு அவர்கள் எதனை உண்ணத் தருவர் என்பனவெல்லாம் அங்கே விரிவாகச் சொல்லப்படுகின்றன. வழியை அறிவது என்றால் அதன் ஓரத்தில் வாழ்பவரை அறிவது என்னும் கொள்கை அந்நூல்களுக்கு அடிப்படை எனலாம்.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, நம் மண்ணில் நிகழ்ந்த நெடியதொரு மிதிவண்டிப் பயணத்தைப் பற்றிய எழுத்துகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அது இன்பச் சுற்றுலா அன்று. 1941 டிசம்பர் முதல் 1942 பிப்ரவரி வரை, ஜப்பானியத் தரைப்படையினர் மிதிவண்டியேறி மலாயாவின் வடகோடியிலிருந்து சிங்கப்பூர் வரை வந்த படையெடுப்புப் பயணம் அது. அவ்வழியை மிதிவண்டியில் மீண்டும் கடந்து பார்க்கும் ஆர்வம் இன்று பலர்க்கு உண்டு. பேராக் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர் என்ற முறையில் இக்கட்டுரையாளரும் அச்சாலையின் வடபகுதியைப் பல தவணைகளாக மிதிவண்டியில் கடந்ததுண்டு. நூல்களைப் படித்துவிட்டுச் சாலையைக் கண்டபோதும், சாலையைக் கண்டுவிட்டு நூல்களை மீண்டும் படித்தபோதும் எழுந்த வினாக்களே இங்கே திறனாய்வாக விரிகின்றன.

வழியும் வண்டியும்

முதலில் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். யமாஷித்தா தோமோயுக்கியின் தலைமையில் அமைந்த ஜப்பானின் 25ஆம் படை, 1941 டிசம்பர் 8ஆம் நாள் கரையிறங்கியது. அதன் ஒரு பகுதி கோத்தா பாருவிலும், பெரும்பகுதி தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி ஆகிய கடற்கரைகளிலும் இறங்கின. ஜித்ரா அரண் டிசம்பர் 12ஆம் நாள் குலைந்தது. ஈப்போ அம்மாத இறுதியில் வீழ்ந்தது. கம்பாரில் பழைய ஆண்டின் கடைசி நாள்களும் புத்தாண்டின் முதல் நாள்களும் கடும்போரில் கழிந்தன. 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் அணிகள் சிதறின. 11ஆம் நாள் கோலாலம்பூர் கைமாறியது. 31ஆம் நாள், பின்வாங்கிய படைகள் ஜொகூர்க் கடற்பாலத்தை உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒதுங்கின. பிப்ரவரி 15ஆம் நாள், புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கரையிறங்கிய இடத்திலிருந்து ஜொகூர் பாரு வரையுள்ள ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரை அப்படை 55 நாள்களில் கடந்தது.

இப்பயணத்தில் மிதிவண்டி ஏன் பயன்பட்டது? முதற்காரணம், சாலை. தார் போட்ட நல்ல சாலையை ஆட்சியாளர் வடக்கிலிருந்து தெற்குவரை அமைத்திருந்தனர். ஈயமும் ரப்பரும் துறைமுகம் சேரவேண்டும் என்பதற்காக அமைந்த சாலை அது. இரண்டாவது காரணம், பாலங்கள். பின்வாங்கிய படையினர் பாலங்களைத் தகர்த்துச் சென்றனர். மோட்டார் வண்டிகள் ஆற்றங்கரையில் நின்றுவிட, மிதிவண்டி வீரனோ வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி அக்கரை சேர்ந்தான். மூன்றாவது காரணம், வணிகம். 1930ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய மிதிவண்டிகள் மலிவான விலையில் மலாயாச் சந்தைக்கு வந்து குவிந்திருந்தன. ஆகவே வண்டி பழுதுபட்டால் உறுப்புகள் ஊர்தோறும் கிடைத்தன. உறுப்பு கிடைக்காதபோது ஊராரின் வண்டியே பறிக்கப்பட்டது.

படையெடுப்பின் கதையைச் சொல்லும் நூல்கள் மிகுதி. அவற்றுள் இப்பயணத்தை மிக அருகில் காட்டும் மூன்றினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று வந்தவர் எழுதியது. மற்றொன்று மறைந்திருந்து பார்த்தவர் எழுதியது. மூன்றாவது நகரத்தில் நின்றவர் எழுதியது.

எழுதியவர் மூவர்

25ஆம் படையின் போர்த்திட்டங்களை வகுத்த அதிகாரி ட்சுஜி மசனோபு எழுதிய நூல் ஜப்பானிய மொழியில் 1952இலும், ஆங்கில மொழிபெயர்ப்பாக 1960இலும் வெளிவந்தது. மிதிவண்டியைப் பற்றிப் பிற்காலத்தார் எழுதியவற்றுள் பெரும்பகுதிக்கு இந்நூலே ஊற்று. ஒரு படைப்பிரிவுக்கு ஏறத்தாழ 500 மோட்டார் வண்டிகளும் 6,000 மிதிவண்டிகளும் இருந்தன என்றும், ஒவ்வோர் அணிக்கும் பழுது பார்ப்போர் குறைந்தது இருவர் உடன் சென்றனர் என்றும், அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 20 வண்டிகளைச் செப்பனிட்டனர் என்றும் அவர் கணக்குத் தருகிறார். வெப்பம் தாங்காமல் டயர் வெடித்தபோது வீரர்கள் ரிம் எனப்படும் இரும்பு வளையத்தின் மீதே வண்டியை ஓட்டினர். இரவு வேளையில் அவ்வோசை டாங்கிகள் வரும் ஓசை போல ஒலித்து எதிரிகளை மருட்டியதையும் அவர் குறிக்கிறார்.

பொருளைக் கூர்ந்து நோக்குவதில் ட்சுஜிக்கு நிகரானவர் சிலரே. வண்டியின் எடை, சங்கிலி, சக்கரம் யாவும் அவர் எழுத்தில் உயிர் பெறுகின்றன. ஆனால் சாலையின் இருமருங்கிலும் இருந்த மக்கள் அவர் எழுத்தில் நிலக்காட்சியின் ஒரு பகுதியாக நின்றுவிடுகின்றனர். தோட்டம் என்றால் அவருக்குப் படை பதுங்கிச் செல்ல வாய்ப்பான நிழல். அந்நிழலில் யார் குடியிருந்தார் என்ற கேள்வி அவர் பார்வைக்கு உரியதாக இல்லை. மேலும், சிங்கப்பூர் வீழ்ந்தபின் சீன மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட கொடுமைக்குத் தூண்டுகோலாக இருந்தோருள் ஒருவராக வரலாற்றாசிரியர்கள் அவரைச் சுட்டுகின்றனர். போர்க்குற்ற விசாரணைக்கு அகப்படாமல் தப்பிய அவர், பின்னாளில் ஜப்பானிய நாடாளுமன்ற உறுப்பினருமானார். 1961இல் லாவோஸ் சென்று மறைந்து போனார். இத்தகையவர் கைப்பட எழுதிய வழிநூலை, வழிநூலாக மட்டும் எடுத்துக்கொண்டு மிதிவண்டி ஏறுவது எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

இரண்டாமவர் ஆங்கிலேயரான பிரெடி ஸ்பென்சர் சாப்மன். ஜப்பானியர் பகுதிக்குள்ளேயே தங்கி, காட்டில் மூன்றாண்டுக்கு மேல் கெரில்லாப் போராளிகளோடு வாழ்ந்தவர் அவர். 1949இல் வெளிவந்த அவரது நூலில், பேராக் மாநிலத்தில் சாலையோரம் மறைந்திருந்து மிதிவண்டி அணிகள் கடந்து செல்வதைப் பார்த்த பகுதி ஒன்று உண்டு. சுமை மிகுந்த பிரிட்டிஷ் வீரனோடு, இலேசான உடையும் கருவியும் கொண்டு களிப்போடு பேசிச் செல்லும் ஜப்பானிய வீரனை ஒப்பிட்டு அவர் வியக்கிறார். பகைவனை வெறுப்பின்றிக் காணும் அக்கண் போற்றத்தக்கது. எனினும் அதுவும் ஒரு படைவீரனின் கண்ணே. சாலையில் செல்பவனைப் பார்ப்பதற்கே அது பழகியிருந்தது.

மூன்றாமவர் தமிழர். பினாங்கில் வெளிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ ஆங்கில நாளேட்டின் ஆசிரியராயிருந்த மாணிக்கசோதி சரவணமுத்து. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவர். 1941 டிசம்பரில் வெள்ளையர் பினாங்கைக் கைவிட்டுச் சென்றபின், கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, தீவில் எதிர்ப்படை இல்லை என வானொலி வாயிலாக அறிவித்து, மேலும் குண்டு விழாமல் காத்தவர் அவர். தம் நினைவுகளை அவர் 1970இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். வந்தவனாகவோ பதுங்கியவனாகவோ இன்றி, நின்றவனாக எழுதியவர் அவர். ஆயினும் அவர் நின்ற இடம் நகரம். கற்றறிந்தோர் கூடி முடிவெடுத்த இடம். பெருநிலத்துத் தோட்டங்களின் லயங்களில் அன்று என்ன நடந்தது என்பதற்கு அவர் சான்றாக முடியாது.

வண்டியால் வந்த வெற்றியா?

இவ்வழியை மீண்டும் கடந்து எழுதுவோரிடம் பரவலாகக் காணப்படும் குறை, மிதிவண்டியைக் காவியத் தலைவனாக்கிவிடுவதாகும். மிதிவண்டியே மலாயாவை வென்றது என்பது கேட்கக் கவர்ச்சியான கூற்று. சாலையில் மெல்ல ஊர்ந்து சென்று பார்த்தால் அது நிற்பதில்லை.

கம்பாரை எடுத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து வருவோர்க்குக் கிழக்கே குனோங் புஜாங் மலாக்கா ஓங்கி நிற்கிறது. அதன் கிளைக்குன்றுகள் சாலையை நோக்கி இறங்குகின்றன. மேற்கே ஈய லம்பங்கள் இருந்த திறந்தவெளி. வருபவனை மறைக்க அங்கே மரமில்லை. ஆதலால்தான் பிரிட்டிஷ் பீரங்கிகளும், அக்குன்றுகளில் நின்ற ஆங்கில, சீக்கிய வீரர்களும் நான்கு நாள்கள் அப்படையைத் தடுத்து நிறுத்த முடிந்தது. கடல்வழியே வேறோர் அணி பின்புறம் இறங்கிவிட்ட பிறகே அவர்கள் அவ்விடத்தைக் கைவிட்டனர். அங்கே மிதிவண்டி எதையும் முடிவு செய்யவில்லை.

சிலிம் ரிவரிலும் அவ்வாறே. அங்கே விடியலுக்கு முன் சாலை வழியே பாய்ந்து வந்தவை டாங்கிகள். சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் துரோலாக் பகுதியில் அந்நாளில் இருந்தன. தடுப்புகளைச் சுற்றிச் செல்ல டாங்கிகளுக்கு அவ்வளைவுகள் வழிவிட்டன. கெமாஸ் அருகே நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. ஜனவரி 14ஆம் நாள் மாலை, சுங்கை கெமஞ்சே பாலத்தின் மீது மிதிவண்டிகளில் பேசிக்கொண்டு வந்தோரை ஆத்திரேலியர் முதலில் கடக்கவிட்டனர். பின்னர்ப் பாலத்தைத் தகர்த்து இருமருங்கிலுமிருந்து சுட்டனர். பீரங்கிப் படைக்குச் சென்ற தொலைபேசிக் கம்பி அறுந்திராவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும். விரைவைத் தந்த அதே வண்டி, காவலற்ற கூட்டமாக வீரரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

மிதிவண்டி செய்தது வேறொன்று. பின்வாங்குவோர்க்கு மூச்சுவிடும் நேரத்தை அது மறுத்தது. அதையும் அது பெருஞ்சாலையில் மட்டும் செய்யவில்லை. எதிரி அரண் அமைத்த இடத்தில் பெருஞ்சாலையை விட்டு விலகி, ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் நுழைந்து, பின்புறம் தோன்றுவதே அப்படையின் வழக்கமாயிருந்தது. இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. அச்செம்மண் பாதைகளின் ஓரத்தில் இருந்தவை நம்மவர் வாழ்ந்த லயங்கள்.

மரமும் சக்கரமும்

மிதிவண்டிக்கும் நம்மவர்க்கும் உள்ள உறவு 1941இல் தொடங்கியதன்று. காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் உருவாக்கினார். அடுத்த பத்தாண்டில் மேலை நாடுகளில் மிதிவண்டி மோகம் பெருகியது. ரப்பருக்குத் தேவை ஏறியது. 1877இலேயே சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்த ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்களுக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். மிதிவண்டி தொடங்கி வைத்த தேவையை மோட்டார் வண்டி பன்மடங்காக்கியது. காப்பி, கரும்புத் தோட்டங்களுக்கு முன்பே வந்திருந்த தமிழர், அதன்பின் கப்பல் கப்பலாகப் பால்மரக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். சாலை போட்ட பொதுப்பணி இலாகாவிலும், தண்டவாளம் இட்ட இரயில்வேயிலும் தென்னிந்தியத் தொழிலாளரின் பங்கு பெரிது.

ஆக, ஜப்பானிய வீரன் ஓட்டிவந்த வண்டியின் டயர் எம்மரத்துப் பாலால் ஆயது, அவன் உருண்டுவந்த சாலையில் கல் உடைத்தவர் யார் என்று கேட்டால், இரண்டு விடைகளும் சாலையோர லயத்தை நோக்கியே நம்மை அழைத்துச் செல்கின்றன. போர்நூல்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. அவற்றின் நோக்கம் வேறு. ஆனால் வழியை மீண்டும் கடந்து இலக்கியம் படைக்க வருபவர் இதனைக் கேளாமல் விட்டால் அது குறையே.

கிள்ளான் கோரிக்கை

இவையனைத்தினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. படையெடுப்புக்குச் சில திங்கள் முன்பு, 1941ஆம் ஆண்டின் முற்பாதியில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களை ஒன்று திரட்டியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஆர். எச். நாதன் தமிழ் நேசன் இதழில் பணியாற்றியவர். தொழிலாளரின் கோரிக்கைகள் பலவாகும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்டிர்க்குத் தொல்லை தராமை, கூடிப் பேசும் உரிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். அப்பட்டியலில் மற்றொன்றும் இருந்தது. துரைமார் முன்னிலையிலும் தோட்ட அலுவலர் முன்னிலையிலும் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கூலியும் மருத்துவமும் கேட்ட மக்கள், மிதிவண்டியைப் பற்றி ஏன் கேட்டனர்? தோட்டப்புறத்தை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். மிதிவண்டி வாங்க முடிந்த தொழிலாளி தன் உழைப்பால் ஒரு படி ஏறியவன். அவ்வண்டியில் அவன் அமர்ந்திருக்கும்போது எதிரே துரை வந்தால், இறங்கி ஓரமாக நின்று, அவர் போனபின்தான் மீண்டும் ஏறவேண்டும். துரைக்கு மட்டுமன்று, கிராணிக்கும் அப்படியே. அக்கிராணிமாருள் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வெள்ளையரின் கொடுமையை எழுதும்போது விரைந்து ஓடும் நம் எழுதுகோல், இங்கே சற்றுத் தயங்குவதை நாம் காண்கிறோம். அத்தயக்கம் நீங்கினாலன்றி அக்கோரிக்கையின் முழுப்பொருள் விளங்காது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் முன் உழைப்பவன் இறங்கி நின்றான் என்பது எழுத்தாளராகிய நம்மையும் தொடும் செய்தி.

1942 ஜனவரியின் இரண்டாம் வாரத்தில், மேற்குக் கடலோரமாக இறங்கி வந்த ஜப்பானிய அரண்மனைக் காவற்படை அதே கிள்ளான் வட்டாரத்தைக் கடந்து தெற்கே சென்றது. எந்தத் துரைமார் முன் இறங்கி நிற்க வேண்டியிருந்ததோ, அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்றுவிட்டனர். எந்த வண்டியில் அமர்ந்து செல்லும் உரிமைக்காக நம்மவர் உயிர் விட்டனரோ, அதே வண்டியில் அயல்நாட்டுப் படைவீரர் வந்தனர். அதைக் கண்ட தொழிலாளியின் உள்ளத்தில் அன்று என்ன எழுந்திருக்கும்? வெள்ளையன் ஓடினான் என்ற நிறைவா, வந்தவன் யாரோ என்ற அச்சமா, இரண்டுமா? இவ்வினாவுக்கு விடை ட்சுஜியிடம் இல்லை. சாப்மனிடமும் சரவணமுத்துவிடமும் இல்லை.

அடுத்து வந்ததை நாமறிவோம். வந்தவர் மிதிவண்டிகளைப் பறித்தனர். காவல் நிற்பவன் முன் வண்டியை விட்டு இறங்கிக் குனிந்து வணங்கவேண்டும் என்ற ஆணை பிறந்தது. இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவில்லை. யார் முன் நிற்பது என்பது மட்டும் மாறியது.

நம் இலக்கியத்தின் நிலை

இனி, தமிழ்ப் புனைவிலக்கியம் இச்சாலையை எவ்வாறு கண்டது என நோக்குவோம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. ஜப்பானியப் படை சுமத்திராவின் மேடான் நகருக்குள் நுழையும் காட்சியோடு அந்நாவல் தொடங்குகிறது. பார்ப்பவன் தமிழன், அவன் நிற்குமிடம் சாலையோரம். மேடானில் வாழ்ந்து பழகிய ஆசிரியராதலால் கடையும் தெருவும் கூட்டமும் அவருக்குத் தெளிவாகத் தெரிகின்றன. வந்த படையை விட, அதைப் பார்த்து நின்ற ஊரையே அவர் முதன்மையாகக் காட்டுகிறார். ஆற்றுப்படையின் அளவுகோலுக்குப் பொருந்திய தொடக்கம் அது. ஆயினும் அவர் உலகம் வட்டிக்கடைகளின் உலகம், வணிகரின் உலகம். பால்மரக் காட்டில் நின்று பார்த்தவனை நாம் வேறிடத்தில் தேடவேண்டும்.

மலேசிய மண்ணில் பிறந்த நாவல்கள் ஜப்பானியர் காலத்தை எழுதாமல் விடவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை சயாமுக்கு அனுப்பப்பட்ட நம்மவரின் அவலத்தைப் பதிவு செய்தன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டவாளத்தில், 1943 அக்டோபரில் இருமுனையும் இணைவதற்குள் மாண்ட ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர். தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவருள் மிகுதி. அப்பேரழிவின் முன் வேறு எதுவும் சிறிதாகத் தோன்றுவது இயல்பே. ஆகையால் நம் படைப்பாளிகள் சாலையை விட்டுத் தண்டவாளத்தைத் தொடர்ந்தனர் என்பதில் குறை கூற ஒன்றுமில்லை.

ஆனால் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. மக்கள் ஏன் அவ்வளவு எளிதில் சயாமுக்கு ஏற்றப்பட்டனர் என்ற வினாவுக்கு வேர், அதற்கு முந்திய இரு மாதங்களில் உள்ளது. தோட்ட நிருவாகம் ஓரிரவில் கலைந்தது. கூலி நின்றது. அரிசி வரத்து அற்றது. காவலாக நின்ற சங்கமோ 1941 மே மாதத்திலேயே முறிக்கப்பட்டிருந்தது. பின்னர் வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் வந்தன, மரவள்ளிக்கிழங்கு சோறாயிற்று. இந்நிலையில் வேலையும் உணவும் தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தபோது மறுக்கும் வலிமை யாரிடம் இருந்தது? கிள்ளான் கோரிக்கையையும், மிதிவண்டிப் படையையும், சயாம் தண்டவாளத்தையும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பார்ப்பதால் இத்தொடர்பு நமக்குப் புலப்படாமற் போகிறது. இம்மூன்றையும் ஒரே வழியாகக் காணும் படைப்பு நமக்கு வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். படையெடுத்தவரையும் நம்மவரில் சிலர் வரவேற்றனரே, அதை எழுதுவது இழுக்காகாதா என்பர் சிலர். ஜித்ராவில் தோற்ற அணியைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங்கின் தலைமையில், அலோர் ஸ்டாரிலேயே இந்திய தேசிய இராணுவத்துக்கு வித்திடப்பட்டது வரலாறு. அதே வேளையில் நம் அண்டை வீட்டுச் சீனர் வேட்டையாடப்பட்டதும் வரலாறு. பாரிட் சூலோங்கில் ஜனவரி 22ஆம் நாள் காயமுற்ற ஆத்திரேலிய, இந்தியப் போர்க்கைதிகள் கொல்லப்பட்டதும் வரலாறு. அப்படையெடுப்பையொட்டி நிகழ்ந்த இவற்றை ஒன்றுக்கொன்று மறைப்பாக நிறுத்தாமல் எழுதுவதே நேர்மையான எழுத்தின் பணி. அடிமைப்பட்டிருந்தவன் விடுதலை என எண்ணியதையும், அவ்வெண்ணம் பொய்த்ததையும் கூறுவதில் இழுக்கு யாதும் இல்லை.

மீண்டும் செல்வோர் செய்யத்தக்கவை

இன்று அச்சாலை அமைதியாக உள்ளது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்றபின் விரைவு வண்டிகள் அங்கே சென்றுவிட்டன. மிதிவண்டிக்கு அங்கே இடமில்லை. பழைய சாலையோ சிற்றூர்களை இணைத்துக்கொண்டு மெல்லச் செல்கிறது. இருமருங்கிலும் பால்மரம் குறைந்து செம்பனை நிறைந்துள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபின், பல இடங்களில் கோயில் மட்டும் நின்று ஊரின் பெயரைச் சொல்கிறது.

வழியில் நினைவுச்சின்னங்கள் உண்டு. கெமஞ்சேயிலும் பாரிட் சூலோங்கிலும் ஆத்திரேலியர் நினைவு போற்றப்படுகிறது. தைப்பிங் போர்க்கல்லறையில் இந்திய வீரர்களின் பெயர்களும் கல்லில் உள்ளன. ஃபோர்டு தொழிற்சாலை இன்று காட்சியகம். இவை வேண்டுவனவே. ஆனால் மீண்டும் செல்பவர் இவற்றை மட்டும் தொட்டுச் சென்றால், படைநூல்கள் கண்டதையே இரண்டாம் முறை காண்பார். பெருஞ்சாலையிலிருந்து பிரியும் செம்மண் பாதையில் வண்டியைத் திருப்புபவர்க்கே புதியது கிடைக்கும்.

அன்று பதினைந்து வயதில் இருந்தவர் இன்று நூறு வயதை நெருங்கியிருப்பார். நேர்ச்சான்று ஏறத்தாழ முடிந்துவிட்டது. எனினும் பதிவுகள் அறவே இல்லாமற் போகவில்லை. சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று மையம் ஜப்பானியர் காலம் குறித்துப் பலரின் குரல்களைச் சேமித்து வைத்துள்ளது. தோட்டத்து மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாத்தா பாட்டி சொன்னதை இன்னும் மறக்கவில்லை. தாத்தாவின் சைக்கிளை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போனான் என்ற ஒரு வரி பல வீடுகளில் கதையாக வழங்குகிறது. அந்த ஒரு வரியைக் கேட்டவுடன் எழுத்தாளர் அங்கே நின்று, அவ்வண்டி எப்போது வாங்கியது, அதற்கு எத்தனை மாதக் கூலி சேர்த்தார், அதில் அமர்ந்து யார் முன்னால் இறங்கினார் என்று மேலும் கேட்கவேண்டும். விடை பாதியே கிடைக்கலாம். அப்பாதியும் இதுவரை எந்தப் போர்நூலிலும் ஏறாதது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளருள் இளையோர் சிலரேனும் இவ்வழியை மேற்கொள்வாராக. ஜித்ராவில் தொடங்குவோர் ஒரு சிறு மாற்றத்தை மட்டும் செய்துகொள்ளட்டும். பயணத்தின் முதல் நாளை 1941 டிசம்பர் 8 என்று குறிக்காமல், அவ்வாண்டு கிள்ளான் தோட்டங்களில் அக்கோரிக்கை எழுதப்பட்ட நாளிலிருந்து கணக்கிடட்டும். அப்போது சாலையும் வண்டியும் அவையேயானாலும், எழுதப்படும் நூல் வேறாக இருக்கும்.